வாசகர் கேள்வி–பதில்: முடிவுறாத ஒரு நூலை ஆராய்வது எப்படி?

மார்க்சின் அரசியல் பொருளாதார ஆய்வைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த குறிப்பைத் தொடர்ந்து பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் தெளிவாக எழுதப்பட்ட கடிதத்தை எடுத்துக்கொண்டு பதில் தருகிறேன்.

கேள்வி: வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய ஆய்வாளர் ஒருவர், தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் பெரும்பகுதியை மார்க்சின் ஒரே கையெழுத்துப் படியை ஆராய்வதில் கழித்தார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் யார்? அப்படி எதைக் கண்டறிந்தார்? (பள்ளி ஆசிரியை ஒருவர்)

பதில்: அவர் ரோமன் ரோஸ்டோல்ஸ்கி. 1898-இல், அன்று ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த லெம்பர்க்கில், அதாவது இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரில் பிறந்தவர். 1920-களின் பிற்பகுதியில் வியன்னாவில் இருந்தபடி மாஸ்கோவின் மார்க்ஸ்–எங்கெல்ஸ் நிறுவனத்துக்காக ஆவணங்களைத் தேடித் திரட்டினார். 1942-இல் கிராக்கோவ் நகரில் நாஜிகளின் ரகசியக் காவல் படையான கெஸ்டபோவினரால் கைது செய்யப்பட்டு, அவுஷ்விட்ஸ், ராவென்ஸ்புரூக், ஒரானியன்பர்க் ஆகிய முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார். போருக்குப் பின் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் குடியேறினார். அங்கே அவருக்குப் பல்கலைக்கழகப் பதவி எதுவும் கிடைக்கவில்லை.

1948-இல் அவர் கைக்கு ஒரு நூல் வந்து சேர்ந்தது. மார்க்ஸ் 1857–58 காலத்தில் ஏழு குறிப்பேடுகளில் எழுதிவைத்த, ‘குருண்ட்ரிஸ்ஸ’ என்று அறியப்படும் பொருளாதாரக் கையெழுத்துப் படி அது. 1857-இல் அமெரிக்காவில் வெடித்த நிதி நெருக்கடி ஐரோப்பாவுக்கும் பரவியபோது, பெருவெள்ளம் வந்து சேருமுன் குறைந்தபட்சம் அடிப்படைகளையாவது தெளிவாக்கிக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பில் இரவிரவாக எழுதியவை அவை. அச்சுக்கென்று எழுதப்பட்டவையல்ல, தன் மனத்துக்குத் தானே விளக்கம் சொல்லிக்கொள்ளும் எழுத்து. மாஸ்கோவில் 1939-இலும் 1941-இலும் இரு பகுதிகளாக வெளிவந்தன; போர் மூண்டதால் மேற்குலகை எட்டிய பிரதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றுள் ஒன்றைத்தான் ரோஸ்டோல்ஸ்கி கண்டார். அதைத் தொடர்ந்து அவர் எழுதிய ‘மார்க்சின் மூலதனம் உருவான வரலாறு’ என்னும் பெருநூல், அவர் 1967-இல் காலமான பின், 1968-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. தாம் தொழில்முறைப் பொருளியலாளரும் அல்லர், தத்துவவாதியும் அல்லர் என்று அதன் முன்னுரையில் அவரே குறிப்பிடுகிறார். அந்தத் தகுதி படைத்தவர்கள் உயிரோடிருந்து இதைச் செய்திருந்தால் அவர் இதில் இறங்கியிருக்கத் தேவையே இருந்திராது. அந்தத் தலைமுறை அறிஞர்களுள் பெரும்பாலோர் ஹிட்லருக்கும் ஸ்டாலினுக்கும் பலியாகிவிட்டிருந்தனர்.

இனி, அவர் கண்டறிந்தது என்ன என்பது. மார்க்ஸ் தொடக்கத்தில் ஆறு நூல்களுக்குத் திட்டமிட்டார்: மூலதனம், நில உடைமை, கூலி உழைப்பு, அரசு, அயல்நாட்டு வாணிபம், உலகச் சந்தை. நம் கையில் இருப்பதோ ‘மூலதனம்’ மட்டும். அப்படியானால் ஏனைய ஐந்தும் என்னவாயின? நில உடைமைக்கும் கூலி உழைப்புக்கும் உரிய செய்திகள் படிப்படியாக ‘மூலதன’த்தின் தொகுதிகளுக்குள்ளேயே இழுத்துக்கொள்ளப்பட்டன என்பதையும், கடைசி மூன்றும் எழுதப்படாமலே நின்றுவிட்டன என்பதையும் ரோஸ்டோல்ஸ்கி கையெழுத்துப் படிகளை வரிக்கு வரி ஒப்பிட்டு நிறுவினார். இது ஏதோ நூலகப் பட்டியல் சார்ந்த செய்தியன்று. ‘மூலதன’த்தில் அரசைப் பற்றிய கோட்பாடு இல்லையே என்று குறைசொல்பவரும், அதிலிருந்து அரசுக் கோட்பாடு ஒன்றை அப்படியே உருவி எடுத்துவிட முயல்பவரும் ஒரே தவற்றையே செய்கிறார்கள் என்பது இதனால் விளங்குகிறது: எழுதி முடிக்கப்படாத ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தை முழுக் கட்டடமாகக் கொண்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ‘பொதுவான நிலையில் மூலதனம்’ என்பதை, அதாவது எல்லா மூலதனங்களுக்கும் பொதுவான இயல்பை, முதலில் ஆராய்ந்துவிட்டு, அதன் பின்னரே ‘பல மூலதனங்கள்’ ஒன்றோடொன்று போட்டியிடும் நிலைக்கு மார்க்ஸ் செல்கிறார் என்ற பகுப்பை ரோஸ்டோல்ஸ்கி தம் ஆய்வின் நடுத்தூணாக வைத்தார். பொதுவானதிலிருந்து குறிப்பானதற்குச் செல்லும் இந்த முறையில்தான் ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் வந்து சேர்கிறார். நண்பர் ஒருவர் பழைய நூல்களிடையே கண்டெடுத்துக் கொடுத்த, முன்பு ரஷ்யப் புரட்சியாளர் பக்கூனினுக்குச் சொந்தமாயிருந்த ஹெகலின் நூல்களைத் தற்செயலாகப் புரட்டிப் பார்த்தது பொருளைக் கையாளும் முறைக்குப் பேருதவியாயிற்று என்று 1858 ஜனவரியில் தம் நண்பர் எங்கெல்சுக்கு எழுதிய கடிதத்தில் மார்க்சே சொல்கிறார். ஒரு பழைய புத்தகம் கைமாறியதன் சுவடு அரசியல் பொருளாதாரத்தில் இவ்வளவு ஆழமாகப் பதிந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆயினும் ரோஸ்டோல்ஸ்கியின் முடிவுகளை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 1861–63 காலக் கையெழுத்துப் படி முழுமையாக அச்சேறியது 1976-க்கும் 1982-க்கும் இடையில்தான். அதை முழுதாகப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இருக்கவில்லை. அதைப் பார்த்த பிற்கால ஆய்வாளர்களுள் மிக்கேல் ஹைன்ரிஹ் போன்றோர், ‘பொதுவான நிலையில் மூலதனம்’ என்ற கருத்தாக்கத்தை மார்க்ஸ் 1863-க்குப் பின் கைவிட்டுவிட்டார் என்று வாதிடுகின்றனர். நான் படித்தவரையில் அவர்கள் பக்கத்து வாதமே வலுவுடையது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவே கற்றுக்கொடுத்தவர் ரோஸ்டோல்ஸ்கி.

கேள்வி: ஒரு பொருளின் மதிப்பை அதற்குச் செலவான உழைப்பு நேரமே தீர்மானிக்கிறது என்றால், சோம்பேறி பத்து மணி நேரம் எடுத்துச் செய்த பொருள் சுறுசுறுப்பானவர் ஐந்து மணி நேரத்தில் செய்ததைவிட மதிப்பு மிக்கதாகிவிடாதா? இந்த எளிய மறுப்புக்கு மார்க்சிய ஆய்வாளர்கள் என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? (வணிகவியல் மாணவர்)

பதில்: உடனடிப் பதிலை மார்க்சே ‘மூலதன’த்தின் முதல் தொகுதியின் முதல் அத்தியாயத்தில் சொல்லிவிட்டார். மதிப்பை நிர்ணயிப்பது தனி ஒருவர் செலவிட்ட நேரமன்று. சமூகரீதியில் அவசியமான உழைப்பு நேரம், அதாவது அந்தக் காலத்தின் வழக்கமான கருவிகளோடும் சராசரித் திறமையோடும் அதைச் செய்யத் தேவைப்படும் நேரம். இங்கிலாந்தில் விசைத்தறி புகுந்தபோது, குறிப்பிட்ட அளவு நூலைத் துணியாக்கத் தேவைப்பட்ட உழைப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கலாம் என்று அவர் ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறார். கைத்தறி நெசவாளர் முன்போலவே அதே நேரத்தைச் செலவிட்டுத்தான் நெய்தார். ஆனால் அவருடைய ஒரு மணி நேர உழைப்பின் விளைவு இப்போது அரை மணி நேரச் சமூக உழைப்பாகவே கணக்கில் ஏறியது. அவர் விரல்களில் எந்த மாற்றமும் இல்லை, தறியில் மாற்றமில்லை, துணியிலும் மாற்றமில்லை. எங்கோ வேறு ஆலையில் நிகழ்ந்த மாற்றம் இவர் உழைப்பின் மதிப்பைப் பாதியாக்கிவிட்டது.

இந்த எடுத்துக்காட்டை மறுபடியும் ஒருமுறை படித்துப் பாருங்கள். மதிப்பு என்பது பொருளுக்குள் உறைந்து கிடக்கும் ஏதோ ஒரு வஸ்துவாக இருந்தால், தொலைவில் நடந்த மாற்றத்தால் அது எப்படிக் கரைந்துபோகும்? இந்தப் புள்ளியைப் பற்றிக்கொண்டு ஒரு முழு ஆய்வையே கட்டியெழுப்பியவர் ஐசக் இலியிச் ரூபின். 1886-இல் பிறந்த இந்த ரஷ்யப் பொருளியலாளர் 1920-களில் வெளியிட்ட ‘மார்க்சின் மதிப்புக் கோட்பாடு பற்றிய கட்டுரைகள்’ என்ற நூலை, வழக்கமாக எவரும் தொடங்காத இடத்திலிருந்து தொடங்குகிறார்: சரக்கு வழிபாடு பற்றிய பகுதியிலிருந்து. மக்களிடையேயான உறவு பொருள்களிடையேயான உறவாகத் தோற்றம் கொள்வதை விளக்கும் அப்பகுதியைப் பலரும் இலக்கிய அழகுக்காகச் சேர்த்த பிற்சேர்க்கை என்றே கருதி வந்தனர். ரூபினோ, அதுவே மதிப்புக் கோட்பாட்டின் அடித்தளம் என்றார்.

தனித்தனியே, ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமல் உற்பத்தி செய்யும் மனிதர்கள், தங்கள் உழைப்பு சமூகத்துக்குத் தேவைப்பட்ட உழைப்புதானா என்பதைச் சந்தைக்குப் போன பின்பே அறிகிறார்கள். அங்கே அவர்களுடைய வெவ்வேறு வகை உழைப்புகள் ஒன்றுக்கொன்று சமப்படுத்தப்படுகின்றன. அந்தச் சமப்படுத்தலால் உருவாகும் சமூகத் தன்மையே அருவ உழைப்பு. ஆகவே மதிப்பை உடலாற்றலின் செலவாகக் கலோரிக் கணக்கில் அளப்பது ரூபினின் பார்வையில் கோட்பாட்டையே கோட்டைவிடுவதாகும். எந்த நாடும் ஓராண்டு வேண்டாம், சில வாரங்கள் உழைப்பதை நிறுத்தினாலே அழிந்துபோகும் என்பது ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும் என்று 1868 ஜூலையில் தம் நண்பர் குகல்மனுக்கு மார்க்ஸ் எழுதினாரல்லவா? உழைப்பை வெவ்வேறு துறைகளுக்குப் பங்கிடுவது எல்லாச் சமூகத்துக்கும் உரியது. அந்தப் பங்கீடு மதிப்பு என்னும் வடிவத்தில் நிகழ்வது சரக்கு உற்பத்திச் சமூகத்துக்கு மட்டுமே உரியது. சோம்பேறி பற்றிய மறுப்பு இந்த வடிவத்தைத் தொடவே இல்லை. அளவைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது.

ரூபினின் முடிவு துயரமானது. 1930 டிசம்பரில் கைது செய்யப்பட்டு, மறு ஆண்டு மென்ஷெவிக்குகள் (போல்ஷெவிக்குகளுக்கு எதிரான ரஷ்ய சோசலிசப் பிரிவினர்) மீது நடந்த வழக்கில், வற்புறுத்திப் பெறப்பட்ட வாக்குமூலத்தின் பேரில் தண்டிக்கப்பட்டார். அந்த வாக்குமூலமே மார்க்ஸ்–எங்கெல்ஸ் நிறுவனத்தின் தலைவரும், மார்க்சின் கையெழுத்துப் படிகளைத் தேடி எடுத்துக் காத்தவருமான தாவீத் ரியாசனோவுக்கு எதிராகவும் பயன்படுத்தப்பட்டது. ரூபின் 1937-இலும் ரியாசனோவ் 1938-இலும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ரூபினின் நூல் 1972-இல் ஆங்கிலத்தில் அச்சேறியது, ரோஸ்டோல்ஸ்கி காலமான அதே டெட்ராய்ட் நகரில்.

கேள்வி: முதல் தொகுதி சொல்வதற்கும் மூன்றாம் தொகுதி சொல்வதற்கும் முரண்பாடு இருக்கிறது, அதனால் மார்க்சின் கோட்பாடு 1896-லேயே முடிந்துபோய்விட்டது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். கணக்கு வழியாக விளக்க முடியுமா? (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்)

பதில்: 1896 என்பது ஆஸ்திரியப் பொருளியலாளர் பேம்-பாவெர்க் தம் புகழ்பெற்ற மறுப்பை வெளியிட்ட ஆண்டு. சரக்குகள் தத்தம் மதிப்புக்கு ஏற்ப மாறுகின்றன என்று ‘மூலதன’த்தின் முதல் தொகுதி கொள்கிறது, சராசரி லாபத்தைச் சேர்த்த விலைக்கு விற்கின்றன என்று மூன்றாம் தொகுதி சொல்கிறது; இதுவே முரண்பாடு என்றார் அவர். தாங்கள் கணக்கில் பழகியவர் என்பதால் எண்களையே முன்வைக்கிறேன்.

இரண்டு துறைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 100 மூலதனம். முதல் துறையில் 80 இயந்திரத்துக்கும் மூலப்பொருளுக்கும், 20 கூலிக்கும் போகிறது. இரண்டாவதில் முறையே 60, 40. இரண்டிலும் உபரி மதிப்பு விகிதம் நூறு சதவீதம். அதாவது தொழிலாளர்கள் தம் கூலிக்கு மேல் உண்டாக்கும் மதிப்பான உபரி, கூலிக்குச் சமமான அளவில் இருக்கிறது. சாதனங்கள் முழுவதும் ஓராண்டில் தேய்ந்துவிடுகின்றன என்று கொள்வோம். அப்போது முதல் துறைச் சரக்கின் மதிப்பு 120, இரண்டாவதன் மதிப்பு 140. சரக்குகள் தத்தம் மதிப்புக்கே விற்றால் ஒரு துறையின் லாப விகிதம் 20 சதவீதம், மற்றதன் லாப விகிதம் 40 சதவீதம். இது நீடிக்காது, மூலதனம் லாபம் அதிகமுள்ள துறைக்குப் பாயும். ஆகவே மொத்த உபரியான 60, மொத்த மூலதனமான 200-க்கு ஏற்பப் பகிரப்பட்டு, இரு துறைக்கும் 30 சதவீதச் சராசரி லாபம் கிடைக்கிறது. இரண்டு சரக்கும் 130-க்கு விற்கின்றன. செலவோடு சராசரி லாபத்தைச் சேர்த்த இந்த விலையே உற்பத்தி விலை. மதிப்புகளின் கூட்டுத்தொகை 260, விலைகளின் கூட்டுத்தொகையும் 260. மொத்த உபரி 60, மொத்த லாபமும் 60. மார்க்ஸ் சொல்வது இதுதான்.

சிக்கல் எங்கே? அந்த 80-உம் 60-உம் மதிப்பின்படி கணக்கிடப்பட்டவை. ஆனால் இயந்திரமும் மூலப்பொருளும் சந்தையில் வாங்கப்பட்ட சரக்குகள்தானே. அவையும் உற்பத்தி விலைக்கே அல்லவா வாங்கப்பட்டிருக்கும்? மூன்றாம் தொகுதியின் ஒன்பதாம் அத்தியாயத்தில் மார்க்சே இந்தப் பிழைக்கு இடமுண்டு என்று எச்சரித்துவிட்டு மேலே போய்விடுகிறார். 1906–07-இல் பொருளியலாளர் போர்ட்கீவிச் இந்த உள்ளீடுகளையும் சேர்த்து மாற்றிப் பார்த்தார். அப்போது மேற்சொன்ன இரண்டு சமன்பாடுகளும் பொதுவாக ஒருங்கே நிற்பதில்லை, ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது நழுவுகிறது என்பது தெரிந்தது. 1960-இல் வெளிவந்த இத்தாலியப் பொருளியலாளர் ஸ்ராஃபாவின் நூலை ஆதாரமாகக் கொண்டு, 1977-இல் பொருளியலாளர் ஸ்டீட்மன், மதிப்பு என்ற கருத்தே கணக்குக்கு வேண்டாததென்று வாதிட்டார். மறுபக்கத்தில், 1980-களிலிருந்து கிளிமன், ஃப்ரீமன் முதலியோர், உள்ளீடுகளின் விலை உற்பத்தி தொடங்கும் வேளையில் உள்ளது, வெளியீடுகளின் விலை முடியும் வேளையில் உள்ளது, இரண்டையும் ஒரே நேரத்தில் தீர்மானிக்கும் சமன்பாடுகளாக எழுதியதே தவறு என்று பதிலளித்தனர். துய்மெனிலும் ஃபோலியும் பணத்தின் மதிப்பை வேறு வகையில் வரையறுத்து இன்னொரு வழியைத் திறந்தனர்.

எனவே ‘1896-லேயே முடிந்துபோயிற்று’ என்று தாங்கள் படித்த கட்டுரை சொல்வது சரியன்று. அதேவேளை, சிக்கலே இல்லை என்று சொல்வோரும் நேர்மையாகப் பேசவில்லை என்பதே என் எண்ணம். மூன்றாம் தொகுதியின் முதன்மைக் கையெழுத்துப் படி 1864–65-இல் எழுதப்பட்டது. முதல் தொகுதி வெளிவந்ததோ 1867-இல். பின்னால் வந்த தொகுதி உண்மையில் முன்னரே எழுதப்பட்டிருந்தது. ஆகவே முதல் தொகுதியில் அகப்பட்டுக்கொண்டு, பிறகு தப்பிக்க மூன்றாம் தொகுதியில் வழி தேடினார் என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் இடமே இல்லை.

கேள்வி: மூன்றாம் தொகுதியை எங்கெல்ஸ் தம் விருப்பப்படி மாற்றிவிட்டார் என்கிறார்களே, உண்மையா? (வாசகர்)

பதில்: மார்க்ஸ் முடிக்காமல் விட்ட தொகுதிகளை எங்கெல்ஸ் எந்த நிலையில் பதிப்பித்தார் என்பதைச் சற்று மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். மார்க்ஸ் 1883 மார்ச்சில் காலமானார். அவருடைய கையெழுத்தைத் தடையின்றிப் படிக்க வல்லவர் அநேகமாக எங்கெல்ஸ் ஒருவரே. உடல்நலம் குன்றியிருந்ததால், காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை சோபாவில் படுத்தபடியே கையெழுத்துப் படியை வாய்விட்டுப் படிக்க, உதவியாளர் ஒருவர் எழுதிக்கொண்டார். இரண்டாம் தொகுதி 1885-இல் வந்தது; மூன்றாவது வருவதற்கு 1894 ஆயிற்று. அடுத்த ஆண்டே எங்கெல்சும் மறைந்தார்.

அவர் செய்தவற்றைத் தம் முன்னுரையிலேயே பெருமளவு சொல்லிவிட்டார். நான்காம் அத்தியாயத்துக்குத் தலைப்பு மட்டுமே இருந்தது. உள்ளடக்கம் முழுவதும் எங்கெல்ஸ் எழுதியது. கடன், வங்கி பற்றிய ஐந்தாம் பகுதியின் இடைவெளிகளை நிரப்ப மூன்று முறை முயன்று தோற்றதையும் மறைக்கவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டவையும் உண்டு. 1992-இல் மார்க்சின் மூலப் படி அச்சான பிறகே அவை தெரியவந்தன. மார்க்ஸ் ஏழே அத்தியாயங்களாக எழுதியதை எங்கெல்ஸ் ஏழு பகுதிகளாகவும் 52 அத்தியாயங்களாகவும் பிரித்திருந்தார். படிப்பவருக்கு இது வசதிதான். ஆனால் ஆராய்ச்சிக் குறிப்பாக இருந்ததற்கு முடிந்துபோன நூலின் தோற்றத்தையும் அது தந்துவிட்டது.

ஒரே ஒரு சொல்லைக் காட்டுகிறேன். மூலதனம் சிலர் கையில் குவிந்துகொண்டே போகும் போக்கு, அதற்கு எதிரான போக்குகள் இல்லையென்றால், முதலாளித்துவ உற்பத்தியை என்ன செய்யும்? மார்க்சின் கையெழுத்தில் இருந்த சொல் ‘கிளாப்பன்’. ஆட்டம் காணச் செய்யும், நிலைகுலைக்கும் என்று பொருள் கொள்ளலாம். எங்கெல்ஸ் அதை நீக்கிவிட்டு ‘சுசாம்மென்புரூஹ்’, அதாவது ‘தகர்வு’ என்று எழுதினார். அதைத் தொடர்ந்த பல பத்தாண்டுகளில், முதலாளித்துவம் தானாகவே தகர்ந்துவிடுமா என்று ஜெர்மன் சோசலிஸ்டுகளிடையே எத்தனை ஆயிரம் பக்கங்கள் எழுதப்பட்டன! எங்கெல்ஸ் ஏமாற்ற நினைத்தார் என்று நான் கருதவில்லை. வாசகருக்கு விளங்க வேண்டும், இயக்கத்துக்குப் பயன்பட வேண்டும் என்று எண்ணினார். அவர் இல்லையென்றால் அந்தத் தொகுதியே நமக்குக் கிடைத்திராது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கேள்வி: லாப விகிதம் வீழ்ச்சியடையும் போக்கு பற்றிய விதியை ஜப்பானியர் ஒருவர் பொய்யென நிறுவிவிட்டாரா? (கணிதப் பட்டதாரி)

பதில்: இயந்திரங்களுக்கும் மூலப்பொருளுக்குமான செலவு கூலியைவிட வேகமாகப் பெருகுவதால் லாப விகிதம் காலப்போக்கில் குறையும் என்பதே மார்க்சின் விதி. ஜப்பானியப் பொருளியலாளர் நொபுவோ ஒக்கிஷியோ 1961-இல் நிறுவியது இதுதான்: உண்மைக் கூலி (கூலியால் வாங்கக்கூடிய பொருள்களின் அளவு) மாறாதிருக்கும்போது, நடப்பு விலைகளில் செலவைக் குறைக்கும் எந்தத் தொழில்நுட்பத்தை முதலாளிகள் ஏற்றாலும், புதிய சமநிலையில் பொது லாப விகிதம் குறையாது. கணிதத்தில் பிழையில்லை. கூலி மாறாது என்பதும், பழைய சமநிலையிலிருந்து புதிய சமநிலைக்குச் சென்று சேர்வது என்பதும் அந்தக் கணிதத்தின் நிபந்தனைகள். விவாதம் முழுவதும் அந்த நிபந்தனைகளைப் பற்றியது.

கேள்வி: இத்துறையில் ஆய்வு செய்ய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது? (முதுகலை மாணவி)

பதில்: முதலில் ‘மூலதன’த்தின் முதல் தொகுதியை விளக்கவுரை எதுவும் இல்லாமல் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். முதல் அத்தியாயம் கடினம். மார்க்சே அப்படிச் சொல்லியிருக்கிறார். தடுமாறினால் வேலைநாள் பற்றிய அத்தியாயத்துக்குத் தாவி, தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகளிலிருந்து அவர் எடுத்தாளும் சாட்சியங்களைப் படித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். அதன் பிறகு உபரி மதிப்பு என்ற சொல் தங்களுக்கு வெறும் எழுத்தாக இருக்காது.

இரண்டாவதாக, எந்தப் பதிப்பைப் படிக்கிறோம் என்பதை எப்போதும் குறித்து வையுங்கள். 1867-இன் முதல் பதிப்பில் மதிப்பின் வடிவம் ஒருமுறை நூலுக்குள்ளும் மறுமுறை பிற்சேர்க்கையிலுமாக இரண்டு இடங்களில் விளக்கப்பட்டிருக்கும். 1872–73-இன் இரண்டாம் பதிப்பில் அவை ஒன்றாக்கப்பட்டுப் புதிதாக எழுதப்பட்டன. 1872 முதல் 1875 வரை பகுதி பகுதியாக வந்த பிரெஞ்சுப் பதிப்பை மார்க்ஸ் தாமே திருத்தியதால் அதற்கென்று தனி அறிவியல் மதிப்பு உண்டு என்று சொன்னார். 1975-இல் தொடங்கிய, மார்க்ஸ்–எங்கெல்ஸ் எழுத்துகளின் முழுமைப் பதிப்பில், ‘மூலதன’த்துக்கும் அதன் முன்வரைவுகளுக்கும் உரிய 15 தொகுதிகளும் 2012-இல் நிறைவுற்றன. மூலப் படிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆம்ஸ்டர்டாமில் உள்ள சர்வதேசச் சமூக வரலாற்று நிறுவனத்திலும், எஞ்சியவை மாஸ்கோவிலும் உள்ளன.

ஆகவே ஜெர்மன் கற்றுக்கொள்ளுங்கள். கடினமான அறிவுரைதான், எனினும் தயங்காமல் சொல்கிறேன். ஒரு சொல் மாறியதால் என்ன நேர்ந்தது என்பதை முந்தைய பதிலில் பார்த்தோம். அந்த மாற்றத்தை மொழிபெயர்ப்பை மட்டும் நம்பியிருந்தவர் எவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆய்வுப் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது ‘மார்க்சும் முதலாளித்துவமும்’ என்பது போன்ற பெரிய தலைப்புகளை விட்டுவிட்டு, ஒரே ஒரு பத்தி இரண்டு பதிப்புகளில் எப்படி மாறியிருக்கிறது, ஏன் மாறியது என்று கேட்டுப் பாருங்கள். முதல் ஆறு மாதங்களுக்கு அதுவே போதும்.